முறிவு என்னும் பொத்தான்

உமேசாவா மிசாவோவுக்குக் கப்பலில் ஜன்னல் வைத்த அறைதான் வேண்டும். செப்டம்பர் மாதம் ஷிமிசு துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஹொக்காய்டோவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும் அந்தக் கப்பலில் அவளுடைய பாட்டுக் குழுவே போகிறது. ஜன்னல் வைத்த அறைகளுள் எஞ்சியிருந்தது ஒன்றுதான். அதைக் காக்கேகவா ரயில் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பயண முகவர், அடுத்த வாரப் புதன்கிழமை மாலைவரை மிசாவோவின் பெயரில் நிறுத்திவைத்திருந்தார். அதற்குள் பணம் கட்டாவிட்டால், வரிசையில் அடுத்து நிற்பவருக்கு அறை போய்விடும். அடுத்து நிற்பவர், பாட்டுக் குழுவில் மிசாவோவுக்கு வலப்பக்கம் நின்று, எல்லாப் பாட்டையும் அரைச் சுருதி ஏற்றியே பாடும் ஹரிகாயே அம்மாள்.

அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிசாவோ சான், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஜன்னல் அறையில வெளிச்சம் கண்ணுல குத்துமாம். கோழி கூவறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுமாம். உள் அறைன்னா குகை மாதிரி. தூக்கம் அப்படி வருமாம்."

"அப்போ உள் அறை உங்ககிட்டயே இருக்கட்டும். நல்லா தூங்குங்க."

"பணத்துக்காக நீங்க ரொம்ப அலைய வேண்டாமேன்னு ஒரு எண்ணம், அவ்வளவுதான்."

"அலைச்சல் என்ன இருக்கு? ஃபண்டை வித்தா வந்துடப்போகுது. ஒரு பொத்தானை அமுக்கற வேலை."

மிசாவோ சொன்னதில் பொய் இல்லை. வங்கியில் இருந்த வைப்பு நிதி சென்ற ஆண்டுச் சூறாவளிக்குப் பின் கூரையாக மாறிவிட்டது. ஓய்வூதியம் வர இன்னும் நாள் இருந்தது. ஆயினும் இணையத் தரகு நிறுவனம் ஒன்றின் வழியாக எட்டு ஆண்டுகளாக மாதந்தோறும் சேர்த்துவந்த முதலீட்டு நிதி, அறைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு வளர்ந்து நின்றது. அதை விற்கப் பொத்தானை அமுக்கினாலே போதும். இடையூறு ஒன்றே ஒன்று: கணக்கு கணவர் பெயரில் இருந்தது. ஆகவே அமுக்க வேண்டிய விரலும் கணவருடையது.

கணவர் தோகுஜிரோ, நகர அலுவலகத்தின் குடும்பப் பதிவேட்டுப் பிரிவில் தலைமுடி நரைக்கும்வரை உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பிறப்பு, திருமணம், மணமுறிவு, இறப்பு ஆகிய நான்கும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் அந்த ஊரில் செல்லுபடியாயின. விண்ணப்பத்தில் ஒரு சொல் தவறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற கையோடு, கொஞ்சம் பணத்தை முதலீட்டு நிதியில் போடலாமென்று வங்கிக்குப் போனார். அங்கிருந்த இளம்பெண் விண்ணப்பத்தை நீட்டி, "உலகப் பங்கு ஃபண்டுன்னுதான் சரியா இருந்துச்சுங்களா?" என்று, இக்காலக் கடைப் பணிவு வழக்கப்படி இறந்தகாலத்தில் கேட்டாள். தோகுஜிரோ எழுந்துவிட்டார்.

"இருந்துச்சான்னு கேட்டா என்ன அர்த்தம்? நான் இன்னும் வாங்கவே இல்லையேம்மா. நிகழ்காலத்துல நிக்கிற ஆளை எதுக்கு இறந்தகாலத்துக்குத் தள்ளறே?"

அன்றைக்கு வங்கியை விட்டு வெளியே வந்தவர்தாம். வாடிக்கையாளரிடம் மனிதரே பேசாத இணையத் தரகு நிறுவனத்தில் கணக்கைத் தொடங்கினார். பேச ஆளே இல்லாத இடத்தில் பிழையாகப் பேசவும் ஆளில்லை என்பது அவர் கண்ட வசதி.

செவ்வாய் பிற்பகல், கணவரும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் டேப்லட்டை நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிசாவோ எல்லாவற்றையும் படித்துவைத்திருந்தாள். மறுநாள் மூன்று மணிக்குள் ஆணை போய்ச் சேர்ந்துவிட்டால், பணம் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்துவிடும். மூன்று மணிக்கு ஒரு நிமிடம் தவறினாலும் அது மறுநாள் கணக்கு. பணம் புதன்கிழமைதான் தரகரிடம் வரும், அங்கிருந்து வங்கிக்கு வருவதற்குள் ஹரிகாயே அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள்.

"இதுல 'விற்பனை'ன்னு எங்கேயும் காணோமே" என்றார் தோகுஜிரோ.

"அந்தச் சிவப்புப் பொத்தான்தாங்க. அமுக்குங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். அந்தப் பொத்தானில் 'கையாகு' என்று எழுதியிருந்தது. உடன்படிக்கையை முறித்தல் என்பது அதன் பொருள். முதலீட்டு நிதியை விற்பவர்கள் அங்கே விற்பதில்லை, முறிக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் இச்சொல்லைக் கூசாமல் புழங்கி, நாளடைவில் அது எலும்புக்கும் திருமணத்துக்கும் உரிய சொல் என்பதையே மறந்துபோனார்கள். தோகுஜிரோ மறக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டார்.

"முறிவா? நாம எதை முறிக்கிறோம்?"

"ஒண்ணையும் முறிக்கலைங்க. விக்கிறோம்."

"விக்கிறதுன்னா 'விக்கிறது'ன்னு எழுதத் தெரியாதா அவங்களுக்கு? முறிவுன்னு எழுதியிருக்கான்னா யோசிச்சுத்தான் எழுதியிருப்பான். எட்டு வருஷம், மிசாவோ. ஒரு மாசம் தவறினது கிடையாது. நம்ம பக்கமும் தப்பு இல்லை, அவங்க பக்கமும் தப்பு இல்லை. புத்தாண்டுக்கு வாழ்த்துக்கூட அனுப்பறாங்க."

"அதை மெஷின் அனுப்புதுங்க."

"யார் அனுப்பினா என்ன? வாழ்த்து வாழ்த்துதானே. என்கிட்ட முறிவுன்னு வந்தவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. ரெண்டு பேர் முத்திரை வேணும், ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம முறிச்சுக்கிட்டவங்க உண்டா? இதுல அவங்க முத்திரை எங்கே இருக்கு, காட்டு பார்க்கலாம்."

மிசாவோ காட்ட முயலவில்லை. நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில், சொல்லைப் பற்றிய சண்டையில் இந்த மனிதரை வென்றதாக அவளுக்கு நினைவில்லை.

"சரி, என்னதான் பண்ணணும்கிறீங்க?"

"முறைப்படி நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறது. நாளைக்குக் காலையில தோக்கியோ போறேன்."

"அது ஆள் இல்லாத கடைங்க."

"கட்டடம் இருக்குல்ல. கட்டடத்துக்குள்ள ஆள் இல்லாம இருக்குமா?"

நேரில் போய் மன்னிப்புக் கேட்பவர் வெறுங்கையோடு போவதில்லை. எடுத்துப்போகும் இனிப்பு கனமாக இருக்க வேண்டும்; கனம் குறைந்தால் வருத்தமும் குறைவு என்று எதிராளி நினைத்துவிடுவார். பிஸ்கட்டு சின்னத் தவறுக்கு. உடன்படிக்கையை முறிப்பதற்குப் பயற்றங்களியை இறுக்கிச் செங்கல்போல் வார்த்த யோகான்தான் தகும். புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும், தோகுஜிரோ பன்னிரண்டு கட்டி அடங்கிய பெட்டியைத் தேர்ந்தெடுத்து, கையில் தூக்கி எடை பார்த்து, பதினாறு கட்டிப் பெட்டியாக மாற்றிக்கொண்டார். மிசாவோ டேப்லட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள். கணவரைத் தனியே அனுப்பினால் திரும்பி வருவார். ஆணை போய்ச் சேராது.

ரயிலில் அவள் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். அத்தாமியைத் தாண்டும்போது, "இப்ப அமுக்கிட்டு, அப்புறமாப் போய் மன்னிப்புக் கேட்டாலும் ஒண்ணுதானே" என்றாள்.

"ஆளை அடிச்சுட்டு, 'அடிக்கலாமா'ன்னு கேக்கற மாதிரி இருக்கு நீ சொல்றது" என்றார் தோகுஜிரோ. மடியில் இருந்த பெட்டி அவருடைய முழங்காலை மரத்துப்போகச் செய்திருந்தது. இறக்கிவைக்க மறுத்தார்.

நிறுவனத்தின் கட்டடத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டேகால். மிசாவோ நேரே நுழையப் போனாள். கணவர் அவள் கைப்பையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்களா?"

"இது வீடு இல்லைங்க."

"அப்போ இன்னும் மோசம். வேலை பார்க்கறவங்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம்."

எதிரே இருந்த பூங்காவில், இருவரும் கையில் சோற்றுருண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி அடித்ததும் மிசாவோ எழுந்தாள். சாப்பிட்டு வந்தவுடன் தொந்தரவு செய்வதும் முறையன்று என்று தோகுஜிரோ அரை மணி சேர்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அதற்கும் நேரம் ஆயிற்று. வாருவதற்கு அதிகம் இல்லாத தலை.

பதினான்காம் மாடியில் வரவேற்பறை பளபளவென்றிருந்தது. ஆளில்லை. வெள்ளைப் பலகையொன்றின் மேல் ஒரு திரை மட்டும் ஒளிர்ந்தது. தோகுஜிரோ திரைக்கு ஒருமுறை குனிந்து வணங்கினார். திரை அவரிடம், யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று கேட்டுப் பல பிரிவுகளை அடுக்கியது. சட்டப் பிரிவு, தகவல் தொழில்நுட்பம், நேர்காணலுக்கு வந்தவர்கள், பொருள் கொண்டுவந்தவர்கள், பிற.

"பொருள் கொண்டுவந்தவங்கதானே நாம" என்று அவர் பெட்டியைப் பார்த்தார்.

"இல்லைங்க. 'பிற'வை அமுக்குங்க." இந்த மனிதர் ஒரு பொத்தானையாவது அமுக்குகிறாரே என்று மிசாவோவுக்குச் சிறிய ஆறுதல்.

சற்று நேரம் கழித்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் வந்தார். பொது நிர்வாகப் பிரிவு, குசாகா என்று பெயரட்டையை இரு கையாலும் நீட்டினார். நாற்காலி மேசை வாங்குவதும், விளக்கு எரியவில்லையென்றால் மாற்றச் சொல்வதும் அவருடைய வேலை. யோகான் பெட்டியைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. அந்தக் கனத்தில் பெட்டி வந்தால் எங்கோ பெரிய தவறு நடந்திருக்கிறது என்பது பொருள்; ஆனால் அந்தப் பெட்டியை நிறுவனம் வாடிக்கையாளரிடம் எடுத்துச் செல்லும், வாடிக்கையாளர் நிறுவனத்துக்குக் கொண்டுவந்து அவர் கண்டதில்லை.

"ஐயா, எங்க பக்கம் ஏதாவது தப்பு நடந்துடுச்சுங்களா?"

"உங்க பக்கம் ஒரு குறையும் இல்லைங்க. எட்டு வருஷமா நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. நாங்கதான் எங்க சௌகரியத்துக்காக இப்போ உடன்படிக்கையை முறிச்சுக்க வேண்டியதாப் போச்சு. நேர்ல சொல்லாம முறிக்க மனசு வரலை." தோகுஜிரோ இடுப்புவரை வளைந்தார். பெட்டி முன்னே நீண்டது.

குசாகா அதைவிடத் தாழ வளைந்தார். "ஐயா, வாடிக்கையாளர்கிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு எங்க விதி."

"சும்மா சின்னப் பொருள்தான்."

"பெருசா இருக்குங்களே ஐயா."

"ருசி ஒண்ணும் பெருசா இருக்காது."

"தயவுசெஞ்சு மன்னிக்கணும்."

இப்படி மூன்று சுற்று ஆனது. பெட்டி ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் போய்வந்தது. சுவரில் இருந்த கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடத்தைக் காட்டியது. மிசாவோ கணவருடைய கையிலிருந்து பெட்டியைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, மன்னிப்பை வாங்கிக்கிட்டீங்கல்ல. அது போதும். இவர் அமுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

குசாகா இரண்டு கைகளையும் விசிறினார். "அம்மா, 'அமுக்குங்க'ன்னு நான் சொல்லவே கூடாது. 'அமுக்காதீங்க'ன்னும் சொல்லக் கூடாது. ஃபண்டைப் பத்திப் பேசறதுக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்கணும். எனக்கு அது இல்லை. நாற்காலியைப் பத்தி எது கேட்டாலும் சொல்றேன்." பிறகு பழக்கத்தினால் தோகுஜிரோவின் பக்கம் திரும்பி, "உங்க விஷயம் முறிவுன்னுதான் சரியா இருந்துச்சுங்களா?" என்றார்.

மிசாவோ கண்களை மூடிக்கொண்டாள்.

"இருந்துச்சா?" என்றார் தோகுஜிரோ. "முறிவு இனிமேல்தான் தம்பி இருக்கப்போகுது. இருந்துச்சுன்னு நீங்களே முடிச்சுட்டீங்கன்னா நான் எதுக்கு ரயிலேறி வந்தேன்?"

குசாகா மறுபடியும் வளைந்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பதற்றத்தில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். "ஐயா, உண்மையில பார்த்தா முறிவு எங்களோட இல்லைங்க. நாங்க வெறும் கடை. ஃபண்டை நடத்தறது வேற ஒரு கம்பெனி. பணத்தைப் பத்திரமா வெச்சிருக்கறது வேற ஒரு பேங்க்." சொன்னவர் வாயைப் பொத்திக்கொண்டு, தாம் ஏதும் சொல்லவில்லை என்பதுபோல் விளக்கைப் பார்த்தார்.

எட்டு ஆண்டுகளாக யாரோடு உறவு என்றே தெரியாமல் உறவாடியிருக்கிறோம் என்ற அதிர்ச்சி தோகுஜிரோவின் முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மிசாவோ, இன்னும் ரெண்டு பெட்டி வாங்கணும்."

"என்னது?"

"ரெண்டு இடத்துக்கும் போகணும். அந்தக் கம்பெனி விலாசமும் பேங்க் விலாசமும் இதுல இருக்கும், பாரு. நல்லவேளை, தோக்கியோவிலதான் இருப்பாங்க."

மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. இரண்டு பெட்டி, இரண்டு கட்டடம், இரண்டு திரை, இரண்டு குசாகா. மிசாவோவுக்குக் கடல் தெரியவில்லை, குகை தெரிந்தது. குகைக்கு வெளியே ஜன்னலோரமாக உட்கார்ந்து ஹரிகாயே அம்மாள் கையசைத்தாள்.

எதிர்த்துப் பேசினால் அவர் இன்னும் கெட்டியாவார் என்பது அவளுக்குத் தெரியும். பேசாமல் டேப்லட்டைத் திறந்து, அந்த நிதியைப் பற்றிய நீண்ட விளக்கத்தில் விலாசத்தைத் தேடினாள். மேலே படம், நடுவே வரைகோடுகள், கீழே எறும்பு வரிசைபோல் எழுத்து. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கட்டணங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வாக்கியத்தில் விரல் நின்றது. ஒருமுறை தனக்குள் படித்தாள்.

"ஏங்க, விலாசம் அப்புறம் பார்க்கலாம். இதைக் கொஞ்சம் படிங்க. எனக்கு அர்த்தம் சரியாப் புரியலை." புரியாமல் இல்லை. அர்த்தம் சொல்லச் சொன்னால் அவர் எந்த வேலையையும் போட்டுவிட்டு வருவார்.

தோகுஜிரோ கண்ணாடியை இறக்கினார். "'உடன்படிக்கையை முறித்து வெளியேறும்போது, விற்பனைத் தொகையில் சிறு பகுதி பிடித்தம் செய்து, நிதியில் தொடர்ந்து இருப்பவர்களுக்காக நிதியிலேயே விட்டுவைக்கப்படும்.' முதல்ல இதுல எழுவாய் இல்லை. யார் வெளியேறும்போது, யார் பிடித்தம் செய்யறாங்க? 'பிடித்தம் செய்து' செய்வினை, 'விட்டுவைக்கப்படும்' செயப்பாட்டுவினை. ஒரே வாக்கியத்துல குதிரை ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்."

"எழுவாயை நீங்க போட்டுப் படிங்களேன்."

அவர் போட்டுப் படித்தார். இரண்டாம் முறை படிக்கையில் குரல் மெதுவாயிற்று.

"அப்படின்னா," என்றார், "ஒருத்தன் பாதியில கிளம்பிப் போறான்னா, அவனுக்குப் பணம் கொடுக்கறதுக்காகப் பொதுச் சட்டியில இருக்கறதைக் கொஞ்சம் விக்கவேண்டி வருது. அந்தச் செலவு, உள்ள இருக்கறவங்க தலையில விழும். அது விழக் கூடாதுன்னு, போறவன் தன் பங்குல கொஞ்சத்தை அங்கேயே வெச்சுட்டுப் போறான்."

"எதுக்கு வெச்சுட்டுப் போறான்?"

"தொந்தரவு கொடுத்ததுக்கு."

"தொந்தரவு கொடுத்ததுக்கு வெச்சுட்டுப் போற பொருளுக்கு நாம என்ன பேர் சொல்றோம்?"

தோகுஜிரோ அவளுடைய மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மிசாவோ அதன் மேல் கையை வைத்து மெல்லத் தட்டினாள்.

"நீங்க முறிச்சுக்கறது கம்பெனியோட இல்லை, பேங்கோட இல்லைங்க. அந்தச் சட்டியில கூட இருக்கற அத்தனை பேரோட. அத்தனை பேர் வீட்டுக்கும் நம்மால போக முடியுமா? அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் மன்னிப்புப் பொருளை அவங்களே கணக்குப் போட்டு எடுத்துக்கறாங்க. யாரும் தூக்கிக்கிட்டு வர வேண்டாம்."

குசாகா விளக்கைப் பார்த்துக்கொண்டே, ஆனால் மிக நன்றாகக் கேட்கும்படி, "அடடா" என்றார்.

"இதை முறையா எழுதியிருந்தா நான் ஏன் வரப்போறேன்?" என்று தோகுஜிரோ பொரிந்தார். "பொத்தானை இம்மாம்பெருசா சிவப்புல போட்டுட்டு, மரியாதையைக் கொண்டுபோய் எறும்பு எழுத்துல வெச்சிருக்கான். எதைப் பெருசா எழுதணும்னு தெரியாதவன்கிட்டதான் இவ்வளவு நாள் பணத்தைக் கொடுத்திருக்கேன்." ஆனால் கோபத்தில் பாரம் இல்லை. கை டேப்லட்டின் பக்கம் நீண்டுவிட்டது.

இரண்டு மணி நாற்பத்தெட்டு. சிவப்புப் பொத்தானைத் தோகுஜிரோ அமுக்கினார். அடுத்த பக்கம், முழுவதுமா, தொகை குறித்தா என்று கேட்டது.

"தொகைங்க. அறைக்கு எவ்வளவோ அவ்வளவு போதும். மிச்சம் அங்கேயே இருக்கட்டும்."

"அது எப்படி? முறிவுன்னு சொல்லிட்டுப் பாதியை வெச்சுக்கறதா? என் மேசைக்கு ஒருத்தனும் பாதி மணமுறிவுன்னு வந்தது கிடையாது. முறிச்சா முழுசா முறிக்கணும்."

"ஐயோ, நமக்குத் தேவை அவ்வளவுதாங்க."

"தேவை வேற, முறை வேற."

பொது நிர்வாகப் பிரிவின் கடிகாரம் ஓசையில்லாமல் நகர்ந்தது. இந்தச் சண்டையை வெல்ல ஒரு மணி நேரம் வேண்டும். இருந்தது பத்து நிமிடம். மிசாவோ பல்லைக் கடித்துக்கொண்டு, "எதையோ போடுங்க" என்றாள். அவர் 'முழுவதும்' என்பதை அமுக்கினார்.

"எந்த விலைக்குப் போகுது?"

"நாளைக்குச் சாயங்காலம்தாங்க தெரியும். விலை தெரியாமத்தான் விக்கணும். எல்லாருக்கும் அப்படித்தானாம்."

இதற்கும் சண்டை வரும் என்று அவள் பயந்தாள். தோகுஜிரோவோ தலையசைத்தார். "அது சரிதான். அன்பளிப்பு உறையை வாங்கின இடத்துலயே பிரிச்சு, எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பார்க்கற பழக்கம் நமக்கு என்னைக்கும் கிடையாதே."

கடைசியாக, பரிமாற்றத்துக்கு உரிய இரகசிய எண்ணைத் திரை கேட்டது. தோகுஜிரோ சுற்றும்முற்றும் பார்த்தார். மிசாவோ சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குசாகாவும் திரும்பிக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் ஒரு விரல், ஒவ்வோர் எண்ணாக, ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே யோசித்து யோசித்துத் தட்டும் ஓசை கேட்டது.

"உங்கள் ஆணையை ஏற்றுக்கொண்டோம்" என்று தோகுஜிரோ உரக்கப் படித்தார். "இது சரியான இறந்தகாலம்." பிறகு திரைக்கு வணங்கினார். குசாகா, யாருடைய சார்பில் என்று அவருக்கே தெரியாவிட்டாலும், பதிலுக்கு வணங்கினார். மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது.

திரும்பும் ரயிலில் மிசாவோ காலையிலிருந்து அடக்கிவைத்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டாள். எட்டு வருடச் சேமிப்பை ஒரு சொல்லுக்காக முழுவதும் விற்ற மனிதர் இந்த நாட்டில் வேறொருவர் உண்டா என்று கேட்டாள். தோகுஜிரோ ஃபூஜி மலை தெரிய வேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேகம்தான் தெரிந்தது. ஒதவாராவுக்கு அப்பால் அவள் யோகான் பெட்டியைப் பிரித்தாள்.

"ஏய், அது மன்னிப்புக்கு வாங்கினது. நம்ம மன்னிப்பை நாமளே திங்கறதா?"

"நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலை. நான் திங்கறேன்" என்று ஒரு கட்டியை உறையிலிருந்து பிதுக்கி வாயில் வைத்தாள்.

வியாழன் மாலை விலை வந்தது. முதல் நாளைவிடச் சற்றுக் குறைவு. மிசாவோ அதற்கும் சேர்த்துத் திட்டினாள். மிச்சப் பணத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டபோது, தோகுஜிரோ அமைதியாக, "மறுபடியும் அதிலேயே போட்டுடலாம். முறிச்சவங்க திரும்பச் சேரக் கூடாதுன்னு சட்டம் இல்லை. வருஷத்துக்கு நாலஞ்சு ஜோடி அப்படி வருவாங்க. நானே பதிஞ்சு கொடுத்திருக்கேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பணம் வந்தது. மிசாவோ கணக்கறிக்கையைத் திறந்தாள். விற்ற தொகை, நிதியில் விட்டுவைத்த சிறு தொகை, அதற்குக் கீழே அவள் எதிர்பாராத ஒரு வரி: கிடைத்த ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் பிடித்திருந்தார்கள். எத்தனையோ முறை படித்தவள்தான். மூன்று மணியைப் பார்த்த கண் வரியைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் சொன்னபடி அறைக் கட்டணத்துக்குச் சரியான தொகையை மட்டும் குறித்து விற்றிருந்தால், கைக்கு வந்தது நாற்பதாயிரம் யென் குறைந்திருக்கும். ஒரே நாளுக்குள் அதைக் கடனாகக் கேட்க ஊரில் ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள் ஹரிகாயே அம்மாள்.

இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தாள். அதே நாற்பதாயிரம். பென்சிலைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை பகல், வங்கிக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டுபோய் முகவரிடம் கட்டினாள். ஏழாம் தளம், கடல் பக்கம், ஜன்னல் வைத்த அறை என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குக் கானாங்கெளுத்தியைச் சுட்டுக் கணவருக்கு நடுத்துண்டை வைத்தாள். முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவரிடம், தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க முழுசா வித்ததுதாங்க சரி. நான் சொன்ன மாதிரி வித்திருந்தா வரி போகப் பத்தாமப் போயிருக்கும்."

தோகுஜிரோ முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு வாரத் திட்டுக்கு அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "அப்படியா" என்றார். பிறகு சீட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"இந்த ஜன்னல் திறக்குமா?"

"திறக்காதுங்க. ஏழாம் மாடி, நடுக்கடல். கண்ணாடி போட்டு அடைச்சிருப்பாங்க. பார்க்க மட்டும்தான்."

"திறக்காதுன்னா அதுக்கு எதுக்கு ஜன்னல்னு பேர் வெச்சான்?" என்றார் தோகுஜிரோ. "அந்த முகவர் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

மிசாவோ அவருடைய கையிலிருந்து சீட்டை மெதுவாக உருவி, தன் சமையல் மேலங்கிப் பைக்குள் செருகிக்கொண்டாள்.

"அடைச்சுட்டாங்க" என்றாள். "மீனைச் சாப்பிடுங்க."